பெட்டி பாடம் நடத்தியது... பிள்ளை படித்தானா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து, மத்தியானச் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்க அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் பெரிய பெண் கையில் நாலு தாளோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். சமூகவியல் பி.ஏ. மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

"அம்மா, ஒரு பத்து நிமிஷம். காலேஜ்ல ஒரு கணக்கெடுப்பு எடுக்கச் சொல்லியிருக்காங்க. முதல்ல உன்கிட்டே ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிளஸ் டூவோடு நின்றவள். என்னைக் கேட்டு எழுதி எந்தக் கல்லூரிக்கு என்ன ஆகப்போகிறது? "கேளுடி, ஆனா கை நிக்காது" என்றேன்.

வயது என்ன, வீட்டில் எத்தனை பேர், எத்தனை செல்போன் என்று முதல் பத்துக் கேள்விகளும் தடங்கலில்லாமல் போயின. பதினொன்றாவது கேள்வி இது: 'ஊரடங்கில் பள்ளி மூடியிருந்த காலத்தில், உங்கள் சிறிய பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார்?' அதன் கீழே தாய், தந்தை, அண்ணன் அல்லது அக்கா, டியூஷன் ஆசிரியர், டி.வி., செல்போன், ஒருவருமில்லை என்று வரிசையாகக் கட்டங்கள்.

"டி.வி.ன்னு போட்டுக்கோ" என்றேன் சட்டென்று.

அவள் பேனாவை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, "நிஜமாவாம்மா?" என்றாள்.

கை நிற்காது என்று சொன்னேன் அல்லவா, நின்றுவிட்டது.

அந்தப் பத்தொன்பது மாதம்

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். கணவருக்குச் சின்னதாக ஒரு இரும்புக்கடை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது என் சின்னவன் ஒன்றாம் வகுப்பை முடிக்கிற தறுவாயில் இருந்தான். அ, ஆ முடிந்து க, ங, ச பாதியில் நின்றது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. பத்தொன்பது மாதம்! ஒன்றாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்த பிள்ளை, நேரே மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான்.

அப்போது வீட்டில் இருந்தது ஒரே ஒரு டச் போன். அது அவருடையது. பெண் பத்தாம் வகுப்பு. ஆன்லைன் கிளாஸ் என்று காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் அவள் கையில் இருக்கும். அதற்குள் கடைக்கு ஆணி கேட்டு, கம்பி கேட்டு ஐந்தாறு பேர் கூப்பிட்டுவிடுவார்கள். மத்தியானம் போன் கடைக்குப் போய்விடும். சின்னவனுடைய டீச்சர் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்புவதும் அதே போனுக்குத்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் கடையைக் கட்டிக்கொண்டு வரும்போது பிள்ளை தூங்கிப் போயிருக்கும். என் கையில் இருந்தது ஒரு பட்டன் போன். அதில் பேசலாம், அவ்வளவுதான். 'நமக்கும் ஒரு நல்ல போன் இருந்திருந்தால் பிள்ளை படித்திருப்பானே' என்று அன்றைக்கெல்லாம் மறுகியிருக்கிறேன்.

மிச்சம் இருந்தது டி.வி. அந்தப் பெட்டிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 2006 தேர்தலில் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டி.வி. என்று வாக்குறுதி கொடுத்து, ஜெயித்த பிறகு கொடுத்தார்களே, அந்தப் பதினாலு அங்குலப் பெட்டி. மாமியார் பெயரில் வந்தது, அவர் அறையிலேயே இருந்தது. ஊரடங்கில் டி.வி.யிலேயே வகுப்புவாரியாகப் பாடம் ஒளிபரப்பினார்கள். "ஓட்டுக்கு வந்த பெட்டி கடைசியில வாத்தியாரா உட்கார்ந்துடுச்சு பார்" என்று என் கணவர் கேலி பண்ணுவார்.

பாடங்களைக் குறை சொல்ல மாட்டேன். தெளிவான தமிழ், அழகான படங்கள், பாட்டு எல்லாம் இருந்தன. ஆனால் நான் அவற்றைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். அடுப்படியில் நின்றுகொண்டு, உள்ளே பாடம் ஓடுகிற சத்தத்தைக் கேட்பேன். அந்தச் சத்தம் எனக்கு ஒரு தைரியம். பாடம் ஓடுகிறது, ஆகவே பிள்ளை படிக்கிறான். சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் இப்படி நினைத்தீர்களோ! நான் ஒன்றரை வருஷத்துக்கு மேல் நினைத்தேன்.

பள்ளி திறக்கப் போகிறது என்று செய்தி வந்த வாரம், சின்னவனைக் கூப்பிட்டு பழைய புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மடமடவென்று ஒரு பக்கத்தை ஒப்பித்தான். எனக்குப் பூரிப்பு. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் கட்டைவிரல் தற்செயலாக அடுத்த பக்கத்துப் படத்தின் மேல் விழுந்திருந்தது. பையன் நின்றுவிட்டான். விரலை எடுத்தேன், மறுபடி மடமடவென்று வந்தது. வேண்டுமென்றே படத்தை மூடினேன், நின்றது. அப்புறம் அவன் பார்த்தேயிராத ஒரு பக்கத்தைத் திருப்பி, 'மரம்' என்ற வார்த்தையைக் காட்டினேன். பிள்ளை எழுத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் வாயை எப்படிக் குவிக்கிறேன் என்று பார்த்து விடையைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறான்!

எட்டு வயதுப் பிள்ளை. 'மரம்' படிக்க வரவில்லை. படத்துக்கு ஏற்ற வசனத்தைப் பாட்டுப்போல் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. இதை நான் வெளியில் யாரிடமும் சொன்னதும் இல்லை. 'ஒரு பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்க முடியலையா, நாள் பூரா வீட்டிலதானே இருந்தே' என்று கேட்டுவிட்டால் நான் என்ன பதில் சொல்லுவேன்?

பெண் எழுதி வைத்திருந்த குறிப்புகள்

இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாகப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "இது நம்ம வீட்டுக் கதை மட்டும் இல்லம்மா. இதை அளந்து பார்த்திருக்காங்க" என்றாள்.

அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்று மூன்று பொருளாதார ஆராய்ச்சியாளர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2019-லேயே, அதாவது கொரோனா என்ற பெயரையே யாரும் கேள்விப்படாத போதே, சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரிகிறது என்று சோதித்துக் குறித்து வைத்திருந்தார்கள். பள்ளி திறந்த கையோடு, 2021 டிசம்பரில், அதே கிராமங்களில் மறுபடி சோதித்தார்கள். சுமார் 19,000 பிள்ளைகள்! 2019-ல் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, 2021-ல் அதே ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறதா என்று ஒப்பிட்டார்கள்.

தெரியவில்லை. தமிழிலும் பின்தங்கியிருந்தார்கள், கணக்கில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பின்தங்கியிருந்தார்கள். அதிலும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இழப்பு கூடுதல்.

கணக்கு மட்டும் ஏன் அவ்வளவு மோசம் என்று கேட்டேன். பெண் தன் யூகத்தைச் சொன்னாள்: "தமிழை வீட்டில பேசிக்கிட்டாவது இருந்தோம். கடன் வாங்கிக் கழித்தலை யாரும்மா வீட்டில பேசறாங்க?" எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்று அதே ஆராய்ச்சி சொல்கிறது. அந்த மீட்சியில் நூற்றுக்கு 24 பங்கு எதனால் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வி என்ற சாயங்கால வகுப்பினால்! மிச்சத்துக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் மற்ற விஷயங்களும் காரணம். இழக்கும்போது ஏழைப் பிள்ளைகள் அதிகம் இழந்தார்கள் அல்லவா, மீளும்போது அவர்கள்தான் வேகமாக மீண்டார்கள். சாயங்கால வகுப்புக்கு அவர்கள் அதிகம் போனதும் அதற்கு ஒரு காரணம்.

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அந்த 24 பங்கு எப்படி இருக்கும் என்று நான் கண்ணால் பார்த்தவள்.

கோயில் மண்டபத்தில் ஒரு டீச்சரக்கா

இல்லம் தேடிக் கல்வியை 2021 அக்டோபர் 27-ஆம் தேதி முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணத்துக்குப் பக்கத்தில் முதலியார்குப்பம் என்ற ஊரில். அப்போது அதைச் சுற்றி அரசியல் பேச்சு நிறைய. பின்வாசல் வழியாக வேறு எதையோ நுழைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு, பயிற்சியில்லாதவர்கள் பாடம் நடத்துவதா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் தெருவில் யாரும் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

பக்கத்துத் தெருவுக்கு மருமகளாக வந்த பெண் ஒருத்தி. பி.எஸ்ஸி. படித்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம். "படிச்ச படிப்பெல்லாம் அடுப்பில போச்சுக்கா" என்று குழாயடியில் என்னிடம் அடிக்கடி சொல்லுவாள். அவள் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தாள். மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாடு முழுவதும் சேர்ந்த சுமார் இரண்டு லட்சம் பேரில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் இவளைப்போல வீட்டோடு இருந்தவர்கள் எத்தனையோ பேர். மாரியம்மன் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டாள். இருபது பிள்ளைகளுக்கு மேல் சேர்க்கவில்லை. பிள்ளைகள் அவளை டீச்சரக்கா என்று கூப்பிட்டன.

சின்னவனை நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதைத் திறக்கவே இல்லை. "அக்கா, நாளைக்கு வரும்போது வீட்டிலிருக்கிற பிஸ்கெட் கவர், சோப்புக் கவர் நாலு கொடுத்து விடுங்க" என்றாள். மண்டபத்துத் தரையில் அந்தக் கவர்களைப் பரப்பி, தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லுவாள். அவன் 'ம'வைத் தொட்டு 'ப' என்பான். டி.வி.யாக இருந்தால் அதன் பாட்டுக்கு அடுத்த எழுத்துக்குப் போயிருக்கும், பெட்டிக்கு ஏது காது? இவள் நின்றாள். "எங்கே, இன்னொரு தரம் பாரு கண்ணா" என்று அவன் விரலைப் பிடித்து எழுத்தின் மேலேயே ஓட்டினாள். மூன்றாவது நாள்தான் அவன் சரியாகச் சொன்னான். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள்!

ஒரு வாரம் கழித்து அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஏனென்றால் இதில் எனக்குக் கிடைத்த உபயோகமான யோசனை இதுதான். "அக்கா, வீட்டில நீங்க சொல்லித்தர வேணாம். அவன் படிக்கறதை உட்கார்ந்து கேளுங்க, போதும். தப்பா படிச்சா உடனே திருத்தாதீங்க, கொஞ்சம் பொறுங்க."

எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிக் கொடுக்கப் போவது என்ற கூச்சம்தான் அதுவரை என்னைத் தடுத்தது. கேட்பதற்கு என்ன கூச்சம்? சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பத்து நிமிஷம், ரேஷன் கடைச் சீட்டோ, பஞ்சாங்கக் காலண்டரோ, கையில் அகப்பட்டதை அவன் வாசிப்பான். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். தப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன், திருத்த வந்த வாயை அடக்குவது லேசான காரியம் இல்லை! சித்திரை பிறப்பதற்குள் அவன் தன் அப்பா கடைப் பலகையை முழுசாக வாசித்தான். அவர் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லவில்லை!

பெட்டியால் ஏன் முடியவில்லை?

"அது ஏன்டி, டீச்சரக்கா சொன்னதும் டி.வி. சொன்னதும் ஒரே 'ம'தானே?" என்று பெண்ணைக் கேட்டேன்.

அவள் நோட்டைப் புரட்டி இன்னொரு சோதனையைச் சொன்னாள். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கூல் என்ற அம்மாளும் அவர் கூட்டாளிகளும் செய்து 2003-ல் வெளியிட்டது. ஒன்பது மாதக் குழந்தைகள், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் கேட்டு வளர்கிறவை. ஒரு பகுதிக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் காட்டிப் பேசினார்கள். ஒரு தடவைக்கு 25 நிமிஷம் வீதம் பன்னிரண்டு தடவை. இன்னொரு பகுதிக்கு அதே ஆட்கள் பேசுவதை டி.வி.யில் காட்டினார்கள். வேறு சில குழந்தைகளுக்குக் குரலை மட்டும் போட்டார்கள்.

நேரில் கேட்ட குழந்தைகள், இங்கிலீஷில் இல்லாத சீன ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றுக்கொண்டன. டி.வி.யில் பார்த்தவை? ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லையாம். குரல் மட்டும் கேட்டவையும் அப்படியே. ஆள் அதே ஆள், பேச்சு அதே பேச்சு! நேரில் இருக்கிறவர் குழந்தையின் கண்ணைப் பார்க்கிறார், பொம்மையைப் பார்க்கிறார், குழந்தையும் அவர் கண் போகிற இடத்தைப் பார்க்கிறது. அந்தப் பார்வைப் போக்குவரத்தில்தான் பாடம் ஏறுகிறது போலிருக்கிறது. சோறு ஊட்டும்போது கையில் போனைக் கொடுத்து, 'அதில் இங்கிலீஷ் பாட்டு ஓடுகிறது, நாலு வார்த்தை கற்றுக்கொள்ளட்டும்' என்று சொல்கிற இளம் தாய்மார்களை எனக்குத் தெரியும். நான் அவர்களைத் திட்ட மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனால் கைக்குழந்தைக்கு அது வகுப்பு என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

அடுத்தது கேட்டபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா என்ற தேசம். அங்கேயும் 2020-ல் பள்ளிகளை மூடினார்கள். சுமார் 4,500 குடும்பங்களை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். சில வீடுகளுக்கு வாரம் ஒரு கணக்கைக் குறுஞ்செய்தியாகப் போனுக்கு அனுப்பினார்கள். சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு, ஒரு ஆசிரியர் வாரம் ஒருதரம் போன் பண்ணி, கால் மணி, இருபது நிமிஷம் பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசினார். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, கணக்கைப் பிள்ளையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். மிச்ச வீடுகளுக்கு ஒன்றுமில்லை.

குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஆள் கூப்பிட்டுப் பேசிய வீடுகளில் பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாக முன்னேறியிருந்தது.

"அதுக்கு டச் போன் வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. சாதாரண போன் போதும்."

பட்டன் போன்! அது என் இடுப்பிலேயே செருகியிருந்ததே. என் தம்பி பெண்டாட்டி சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள், பிள்ளைகளோடு பேசுவதில் கெட்டிக்காரி. தினமும் சாயங்காலம் என்னிடம் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவாள். அந்தப் போனைப் பிள்ளை காதில் வைத்து, 'அத்தைக்கு இன்னிக்குப் பாடத்தைச் சொல்லு' என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லையே!

மாமியார் சொன்ன சாட்சி

இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் அதற்குள் உள்ளே வந்துவிட்டார். "சும்மா டி.வி.யைக் கொறை சொல்லாதீங்க. இந்தப் பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பலாம்னு இந்த வீட்டில மொதல்ல சொன்னது யாரு? நான்! எனக்கு அந்தத் தைரியம் எங்கேருந்து வந்தது? சீரியல்ல எத்தனை பொண்ணுங்க வேலைக்குப் போவுது, ஜெயிக்குது, பார்த்தேன் இல்ல?" என்றார்.

நான் சிரித்தேன். பெண் சிரிக்கவில்லை. "பாட்டி சொல்றது ஆராய்ச்சியிலயும் இருக்கும்மா" என்றாள்.

ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2009-ல் வெளியிட்டது. 2001 முதல் 2003 வரை இந்தியாவில் ஐந்து மாநிலங்களில், நம் தமிழ்நாடும் அதில் ஒன்று, கிராமங்களுக்குக் கேபிள் டி.வி. வந்தபோது பெண்களிடம் என்ன மாறியது என்று பார்த்திருக்கிறார்கள். கேபிள் வந்த ஊர்களில், புருஷன் பெண்டாட்டியை அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண்பிள்ளைதான் வேண்டும் என்பது குறைந்தது. வீட்டு விஷயங்களில் பெண்களின் பேச்சு எடுபடுவது கூடியது. சின்னப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் கூடியிருந்தது. பாடம் நடத்தவென்று வந்த டி.வி.யா அது? நாடகமும் சினிமாவும்தானே!

அதற்கும் முன்னால், 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடமிருந்து இரவல் வாங்கிய ஒரு செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டியிருக்கிறார்கள். நம் மாநிலம் அதில் இல்லை. நம் விண்வெளி நிறுவனமான இஸ்ரோ நடத்தியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் ஊருக்கே பொதுவாக. ஆராய்ச்சியாளர்கள் சிலர் கிராமங்களிலேயே குடியிருந்து பார்த்தார்கள். பிள்ளைகளின் பேச்சுத் திறனும் தெரிந்துகொள்ளும் ஆவலும் கூடியது. ஆனால் பள்ளியை விட்டு நிற்பது மட்டும் குறையவில்லையாம். மாடு மேய்க்க அனுப்புகிற வீட்டில் டி.வி. என்ன செய்யும், பாவம்!

அப்படியானால் டி.வி. சொல்லிக் கொடுக்கிறதா, இல்லையா? பெண்ணிடம் இதற்கு நேரான பதில் இல்லை. நான் முருங்கைக்காயை உலையில் போட்டுவிட்டு யோசித்துப் பார்த்தேன். மாமியார் ஒருநாளும் சீரியலைச் சும்மா பார்த்ததில்லை. பார்க்கும்போதே, "பாரேன் இவளை!" என்பார். மறுநாள் திண்ணையில் நாலு பேரோடு அதே பேச்சுத்தான். அவள் செய்தது சரியா, தப்பா, நம் வீட்டில் நடந்தால் என்ன செய்வோம் என்று பிய்த்துப் போடுவார்கள். நான் சின்னவளாக இருந்தபோதுகூட வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்கப் பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்குவோம். பாட்டைவிட அதைப் பற்றிப் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பேசுவதுதான் ருசி. பெரியவர்களுக்குப் பேசத் துணை இருந்தது. என் பிள்ளை மட்டும் அந்தச் சின்னப் பெட்டிக்கு எதிரில், பேச ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தான். பாட்டிக்குப் பாடம் புரியாது, அக்காவுக்குத் தன் பாடம், அப்பாவுக்குக் கடை. எனக்கு அடுப்பு.

சாம்பார் கொதித்து இறக்கியாயிற்று. பெண் மறுபடி தாளை விரித்தாள்.

"பதினொண்ணாவது கேள்விம்மா. என்ன போடட்டும்?"

"ஒருவருமில்லைன்னு போடு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணன் அல்லது அக்கான்னு ஒரு கட்டம் இருக்கும்மா. நான்தான் அதை அச்சடிச்சேன். அடிக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது" என்றாள்.

"போடி, நீ அப்போ பத்தாவது. உனக்குப் பதினஞ்சு வயசு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கட்டத்தில் டிக் போட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் வெயிலில் விளையாடிவிட்டு உள்ளே வந்தான். இப்போது ஏழாம் வகுப்பு. கணக்கில் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம்தான். தமிழ்ப் புத்தகம் வந்த நாளே கதைகளையெல்லாம் படித்து முடித்துவிடுகிறான். அக்கா கையிலிருந்த தாளை எட்டிப் பறித்து, "இது என்னா பரீட்சை?" என்றான்.

"பரீட்சை இல்லடா, பேட்டி. அடுத்தது பாட்டி."

"நான் கேட்கறேன், நீ எழுது" என்று சொல்லிவிட்டு, பாட்டியின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் கேள்வியைத் தடங்கலில்லாமல், சத்தமாக வாசித்தான். மாமியார் காதில் கையை வைத்துக்கொண்டு, "என் வயசா? அது எனக்கே தெரியாதேடா, நீயே ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.